புள்ளி மண்ணூரில் நிற்கிறது

நான் வெளிநாடு போனதில்லை, ஒரகடம் போயிருக்கிறேன். கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை, ஜப்பானிய எழுத்தில் சாப்பாட்டுப் பட்டியல், இந்தியில் சண்டை, ஒடியாவில் சமாதானம், இங்கிலீஷில் ‘உள்ளே வராதே’. இத்தனையும் ஒரே சாலையில் கிடைக்கும்போது பாஸ்போர்ட்டுக்கு எதற்கு அலைய வேண்டும்? புதுக்கோட்டைக்காரன் ஒருவனின் உடம்புக்கு இதற்கு மேல் வெளிநாடு ஒத்துக்கொள்ளாது.

போன காரியம் இது. என் மனைவி மலர்க்கொடியின் தம்பி சேகர், அங்கே கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்புக் கையேட்டை யாரோ கம்ப்யூட்டரிடம் கொடுத்துத் தமிழாக்கி வைத்திருந்தார்கள். ‘தலைக்கவசம் இல்லாத தலைகள் உடனே அகற்றப்படும்’ என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ‘தீப்பிடித்தால் மகிழ்ச்சியுடன் வெளியேறவும்’ என்று ஆறாம் பக்கத்தில். தொழிலாளர்கள் அதைச் சிரிப்பதற்கென்றே வாசிக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிர்வாகம் திருத்தி எழுத ஆள் தேடியது. சேகர் என் பெயரைச் சொல்லிவிட்டான். முப்பது வருடம் நகைச்சுவை எழுதி நான் அடையாத வெற்றியை அந்தக் கையேடு தற்செயலாக அடைந்திருந்தது. இவரிடம் கொடுத்தால் சிரிப்பு நின்றுவிடும் என்று என் மைத்துனன் உறுதியாக நம்பினான். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் வேலை.

போய் வாருங்கள் என்றாள் மலர், ஒரு நிபந்தனையோடு. போன வருடம் என் நெஞ்சில் ஒரு அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் எண்ணெயில் விழுந்து எழுந்த எதுவும் என் வாய்க்குள் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் என்றால் காவல் வேண்டும் அல்லவா? என் போனை வாங்கி, நான் இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி அவளுக்குக் காட்டும் வசதியைத் திறந்தாள். பதினைந்து நிமிடமா, ஒரு மணி நேரமா, எட்டு மணி நேரமா என்று போன் கேட்டது. பதினைந்து நிமிடம் காதலர்களுக்கு, ஒரு மணி நேரம் நண்பர்களுக்கு, எட்டு மணி நேரம் மனைவிக்கு என்று நினைக்கிறேன்.

“எட்டு முடிஞ்சதும் மறுபடி அமுக்கணும். மறந்துடாதீங்க” என்றாள். மாத்திரைக்குச் சொல்வது போலவே சொன்னாள்.

நம் இலக்கியத்தில் தலைவி கிளியைத் தூது விட்டாள், அன்னத்தை விட்டாள், மேகத்தை விட்டாள். தலைவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. அதனால்தான் அத்தனை பாட்டு. கையில் ஒரு நீலப்புள்ளி இருந்திருந்தால் ஒரு வெண்பாகூடத் தேறியிருக்காது. ‘ஏன் அந்தக் கடை முன்னால் நிற்கிறீர்கள்?’ என்ற ஒற்றை வரியோடு பாலைத்திணை முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போக ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்றேன். சேகரின் அறை மண்ணூரில். கன்டெய்னர் லாரிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். எங்கள் கீழ ராஜ வீதியை அப்படியே மடித்து ஏற்றிவிடலாம். போன் அடித்தது.

“ஏங்க, தப்பான பக்கம் நிக்கிறீங்க.”

“எதுக்குத் தப்பான பக்கம்?”

“மண்ணூருக்கு. அங்க ஏறினா வாலாஜாபாத் போயிருவீங்க. பாலத்துக்குக் கீழ நுழைஞ்சு அந்தப் பக்கம் போங்க. லாரி வருதான்னு பாத்துப் போங்க.”

புதுக்கோட்டையில் அடுப்படியில் நின்றுகொண்டு, ஒரு முறைகூடப் பார்த்திராத ஊரில் அவள் எனக்கு வழி சொன்னாள். அந்த ஊரில் இருந்தவன் நான்தான். ஊரைத் தெரிந்தவள் அவள். ஏறிய ஷேர் ஆட்டோவின் டிரைவர் கேட்டார்: “போன்ல யாரு சார், ஆபீஸா?”

“வீட்டுல.”

“அதான பார்த்தேன். ஆபீஸ்ல இம்மாங் கரெக்டா வழி சொல்ல மாட்டாங்கோ.”

வல்லம் தாண்டுமுன் ஆட்டோ பஞ்சர். எட்டு பேரும் இறங்கினோம். விதி என்று ஒன்று இருப்பதை நான் நம்புவது இம்மாதிரிச் சமயங்களில்தான்: இறங்கிய இடத்துக்கு நேர் எதிரே ஒரு பஜ்ஜிக் கடை. வாழைக்காய் மாவில் முங்கி எழுந்து சட்டிக்குள் போகிற ஓசை சாலை இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். போன் அடித்தது.

“ஏன் நின்னுட்டீங்க? அது என்ன கடை?”

“பஞ்சர் கடை.”

“பஞ்சர் கடையில எண்ணெய் கொதிக்குற சத்தம் கேக்குது.”

அன்று பஜ்ஜி சாப்பிடவில்லை. இதைப் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை வரும்போது என் தரப்பில் சொல்ல வேறு நல்ல விஷயம் இருக்காது.

சாயங்காலம் சேகர் என்னை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனான். பக்கத்து மேசையில் இரண்டு கொரிய எஞ்சினீயர்கள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் நீளமாக ஏதோ சொன்னார். பரிமாறுகிறவர், மானாமதுரைக்காரர், அதே மொழியில் பதில் சொல்லிவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார்: “அண்ணே, ரசம் நேத்து மாதிரி இல்லியாம். மிளகு கம்மியாம்!” எனக்கு வெட்கமாக இருந்தது. மிளகு கம்மி என்று எனக்கும் தோன்றியது. சொல்லத்தான் துணிச்சல் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மண்ணூரில் கம்பெனி பஸ். முதல் நிறுத்தம் அதுதான். ஏறுகிறவர்கள் சேகரும் நானும் மட்டும். உட்கார்ந்ததும் சேகர் போனை எடுத்து முன் கம்பியில் மாட்டினான். அவனுடைய நீலப்புள்ளி நகரத் தொடங்கியது. மனைவிக்கு அனுப்புகிறானாக்கும் என்று ஆறுதலோடு பார்த்தேன். எங்கள் வம்சத்தில் நான் மட்டும் இல்லை.

“இது தங்கச்சிக்கா, மாப்ளே?”

“அவளுக்கா? அவளுக்கெல்லாம் அனுப்புறதில்ல மாமா. இது பஸ் குரூப்புக்கு.”

விவரம் இதுதான். அந்த வழித்தடத்தில் பதினான்கு பேருக்கு ஒரு வாட்ஸாப் குழு. பஸ் பிள்ளைப்பாக்கத்தில் நிற்கும் இடம், மரமில்லாத, கூரையில்லாத, லாரிப் புழுதி மட்டும் தாராளமாக உள்ள சாலையோரம். அங்கே ஆறு பெண்கள் ஏறுவார்கள். ஹாஸ்டலிலிருந்து ஐந்து நிமிட நடை. பஸ் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காது என்பது கம்பெனி விதி. ஆகவே, முதலில் ஏறுகிறவன் புள்ளியைப் போட்டுவிடுவான். புள்ளி ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் அவர்கள் தட்டைக் கழுவிவிட்டு நடப்பார்கள். பஸ்ஸும் ஆளும் ஒரே சமயத்தில் அங்கே வந்து சேரும். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு. ஆனால், விதிப்புத்தகத்தில் உள்ளவற்றைவிட ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

“ஏன், டிரைவரே போடலாமே?” என்று கேட்டேன்.

டிரைவர் ஏழுமலை, உள்ளூர்க்காரர், பிள்ளைப்பாக்கத்தில் இருந்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் ஸ்டீயரிங் பிடித்தவர், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இன்னா சார் நீங்க? நான் வண்டி ஓட்டுறதா, புள்ளி ஓட்டுறதா? போனைத் தொட்டா மெமோ. அத்தோட என் போன்ல பட்டன்தான் கீது.”

பிள்ளைப்பாக்கத்தில் ஆறு பெண்களும் சரியாக அந்த நிமிடத்தில் வந்து ஏறினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பேச்சியம்மாள். பேச்சி என்றார்கள். இருபத்துநாலு வயதிருக்கும், சங்கரன்கோவில் பக்கம். வெல்டிங் முடிந்து வரும் சட்டங்களைச் சோதிக்கிற வேலை. பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், நெஞ்சுக் குழாய் விவரத்தைச் சேகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மூன்றாவது கேள்விக்குள் நான் ‘அண்ணாச்சி’ ஆகியிருந்தேன்.

தொழிற்சாலை வாசலில் எல்லோர் போனையும் வாங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுகிறார்கள். உற்பத்திக் கூடத்துக்குள் போன் போகக் கூடாது. என்னைப் போல அலுவலகத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் கேமராக் கண்ணில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். பேச்சி தன் போனைக் கொடுக்கும்போது சிரித்தாள்.

“எங்கம்மாவுக்கு நானும் புள்ளி போடுவேன் அண்ணாச்சி. தெனமும் ராத்திரி அவ அழுவா. ‘எட்டு மணி நேரம் கேட்டுலயே நிக்கியே, உள்ள விடமாட்டங்காவளா? வெயில்ல நிக்காத தாயி, வேலையே வேண்டாம், வந்துரு’ன்னு. போன்தாம்மா கேட்டுல நிக்கி, நா உள்ள இருக்கேன்னா நம்ப மாட்டங்கா.”

“பிறகு என்ன செய்வே?”

“ஆமாம்மா, ஒரு நெழல் பாத்து நிக்கேன்னு சொல்லிருவேன்.”

சாயங்காலம் திரும்பும்போது அவளுடைய முக்கியமான கணக்கைச் சொன்னாள். ஆறு மாதம் ஒரு நாள்கூடத் தாமதம் விழாமல் வந்தால், தர ஆய்வாளர் தேர்வுக்குப் பெயர் போகும். ஒப்பந்தத்திலிருந்து நிரந்தர வேலைக்கு அதுதான் ஒரே கதவு. இந்தச் சனிக்கிழமை ஆறு மாதம் முடிகிறது; அன்றே பட்டியல் ஒட்டுவார்கள். போன தடவை ஐந்தாவது மாதத்தில் அம்மை போட்டுவிட்டதாம். “இந்தத் தடவ மாரியாத்தாட்ட முன்னாலயே பேசி வச்சிருக்கேன்” என்றாள்.

அன்றைக்கு ஒரு பெரிய மெஷின் படுத்துவிட்டதால் சேகரை இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றினார்கள். காலை பஸ்ஸில் முதலில் ஏறும் ஒரே ஜீவன் நான். பேச்சி என்னைக் குழுவில் சேர்த்தாள். அதன் நிர்வாகி அவள்தான். ‘நாளையிலிருந்து அண்ணாச்சி புள்ளி’ என்று அறிவித்தாள். ஆறே முக்காலுக்கு அமுக்கிவிட வேண்டும் என்று உத்தரவு.

வாழ்நாளில் எந்தச் சங்கமும் எனக்குப் பதவி கொடுத்ததில்லை. புதன்கிழமை ஆறே முக்காலுக்கு மனைவிக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று என்று இரண்டு அமுக்கு அமுக்கினேன். பஸ் போகப் போக என் புள்ளியை நானே பார்த்துக்கொண்டு வந்தேன். பதினான்கு பேரின் காலை உணவு என் கையில். பிள்ளைப்பாக்கத்தில் ஏறிய பெண்கள், “அண்ணாச்சி புள்ளி வழுக்கிக்கிட்டு வருதே” என்றார்கள். ஏழுமலை ஒரு பள்ளத்தில் வேகமாக இறக்கியபோது, “பாத்துப்பா, புள்ளி குலுங்குது” என்று நானே சொன்னதாக ஞாபகம். அவர் அடுத்த பள்ளத்தில் இன்னும் வேகமாக இறக்கினார்.

எங்கள் ஊரில் இந்த வசதி போன் இல்லாமலே உண்டு. தெருவில் இறங்கினால் நாலு பேர் “எங்க, தூரமா?” என்பார்கள். நாலு பேருக்கும் நாலு பொய் சொல்லலாம். அந்த ஏற்பாட்டின் அழகே அதுதான்: கேட்டவருக்கும் அக்கறை காட்டிய திருப்தி, சொன்னவருக்கும் சுதந்திரம். புள்ளிக்கு அந்த நாகரிகம் தெரியாது. கேட்காமலே உண்மையைச் சொல்லும்.

புதன்கிழமை மாலை, வேலைக்குக் கிளம்பிய சேகருக்குப் போன் போட்டு ஒரு சந்தேகம் கேட்டேன். மண்ணூர்க் கூட்டுரோட்டில் காலையில் ஒரு வண்டிக்கடையைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறதே, என்ன அது? “வடகறி மாமா. செட் தோசை, வடகறி. எட்டு மணிக்கெல்லாம் தீந்துரும். ஒங்களுக்கு ஆகாது.” வடகறி என்பதை எங்கள் பக்கத்தில் அவ்வளவாக அறிய மாட்டோம். கடலைப்பருப்பு வடையைப் பொரித்து, பிறகு அதை உதிர்த்து, பட்டை கிராம்பு மசாலாவில் மறுபடி வேகவைப்பது. அதாவது ஒரே பண்டத்தில் இரண்டு முறை தவறு செய்வது. அவித்த முட்டையைக் கொத்தி மசாலாவில் பிரட்டும் எங்கள் ஊர் முட்டை மாஸுக்கு நிகராக ஒன்று உலகத்தில் இருக்க முடியுமா என்று எழுத்தாளன் என்ற முறையில் ஆராய வேண்டியிருந்தது.

வாய்ப்பும் தானாக வந்தது. வியாழக்கிழமை எனக்குப் பத்து மணிக்குத்தான் வேலை, எச்.ஆர். அதிகாரியோடு கையேட்டைப் பற்றிப் பேச வேண்டும். ஏழு மணி பஸ் தேவையில்லை. ஏழுமலையிடம், “நாளைக்கு நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். “சரி சார்.”

வியாழன் காலை ஆறே முக்கால். கை பழகியபடி இரண்டு அமுக்கு அமுக்கியது: மலருக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று. சேகர் தூங்கிக்கொண்டிருந்ததால் போனைச் சைலன்டில் வைத்தேன். பிறகு அறையிலேயே சார்ஜில் போட்டேன். என் புள்ளி அறையில் கேழ்வரகுக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும். நான் கூட்டுரோட்டில் ஆராய்ச்சி செய்வேன். திட்டம் அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் என் மனத்தில் புள்ளிக்கு ஒரே ஒரு எஜமானிதான் இருந்தாள். குழுவின் பதினான்கு பேர் ஞாபகத்திலேயே இல்லை.

வடகறியைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. இரண்டு செட் தோசை முடிந்து மூன்றாவதுக்குத் தட்டை நீட்டினேன் என்பதை மட்டும் சொல்லலாம். கடைக்காரம்மா, “மெதுவா துண்ணுங்க சார், பஸ்ஸுக்கா போப்போறீங்க?” என்றார். என் முதுகுக்குப் பின்னால் கம்பெனி பஸ் கிளம்பிப் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டு இருபதுக்கு அறைக்கு வந்து போனை எடுத்தேன். இருபத்துமூன்று தவறிய அழைப்புகள். குழுவில் வரிசையாகச் செய்திகள்.

‘அண்ணாச்சி பஸ் கெளம்பலியா?’

‘புள்ளி மண்ணூர்லயே நிக்குது.’

‘பிரேக்டவுனா இருக்கும். இன்னொரு தோச ஊத்துங்கடி.’

‘ஏய் பஸ்ஸு!! பஸ்ஸு போகுது!!’

அதற்குப்பின் ஒரு படம்: காலிச் சாலை, தூரத்தில் ஒரு பஸ்ஸின் முதுகு.

வழியில் ஸ்ரீபெரும்புதூரில் நாலு பேர் ஏறுவார்களே, அவர்கள் ஒரு வார்த்தை போடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிற்பாடு கேட்டேன். பஸ் நிலையத்து டீக்கடையில் நிற்கும் அவர்களுக்குப் புள்ளி தேவையில்லை. ஏறிய கணத்தில் தூங்குவதும் அவர்கள் வழக்கம். ஏழுமலையைக் கேட்டேன். “நீங்க வரலன்னுதான் சொன்னீங்கோ. புள்ளி வரலன்னு சொல்லலியே” என்றார்.

மலரிடமிருந்து ஏழு ஐந்துக்கு ஒரே ஒரு செய்தி: ‘கஞ்சி குடிச்சாச்சா?’ குடித்தாயிற்று என்று அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்தேன். அந்த நிலைமையிலும் பொய்யை விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பத்து மணி டீ இடைவேளையில் கேன்டீன் வாசலில் பேச்சியைக் கண்டேன். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். திட்டப்போகிறாள், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

“அண்ணாச்சி, நல்லாருக்கியளா? நெஞ்சு வலிக்கா?”

“எனக்கு என்ன?”

“புள்ளி ஆடாம அசையாம நின்னுச்சா, போனும் எடுக்கல. ஒங்களுக்கு ஏதோ ஆயிட்டுன்னு நெனச்சிட்டோம். ஆட்டோவுல வரும்போது பூரா ஒங்களுக்குத்தான் போன் போட்டேன். சேகர் அண்ணனுக்கும் போட்டேன், எடுக்கல.”

இருபத்துமூன்றில் பாதி, பஸ் போன பிறகு வந்தவை. அதை நான் மணி பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

“நீ எத்தனை மணிக்கு வந்தே?”

“எட்டு இருபத்திரண்டு. ஆட்டோ கெடைக்கவே அரை மணி ஆயிட்டு. எட்டேகால் ஷிப்டுக்கு ஏழு நிமிசம் லேட்டு. மத்தவளுவளுக்குப் பெர்மிசன் இருக்கு, சமாளிச்சிருவாளுவ. எனக்குத்தான்…” அவள் வாசலைப் பார்த்தாள். “விடுங்க. ஒங்களுக்கு ஒண்ணுமில்லேல்லா? அது போதும். மறுபடி ஆறு மாசந்தானே.”

அவள் திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

“பேச்சி, நான் வடகறி சாப்பிடப் போயிருந்தேன். போனை அறையில வெச்சுட்டு.”



“வடகறியா?”

“செட் தோசையும்.”

“எத்தன?”

“மூணு செட்.”

“கொழா வச்ச நெஞ்ச வச்சிக்கிட்டு மூணு செட்டா!” என்றாள். கோபம் அப்போதுதான் வந்தது. அதுவும் எனக்காக வந்தது. மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

எச்.ஆர். அதிகாரி நிர்மலா, முப்பது வயதுக்குள் இருப்பார். என் கையேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். நான் கையேட்டை மூடிவிட்டு நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டார்.

“பஸ் டைமுக்கு வந்திருக்கு சார். டிரான்ஸ்போர்ட் ரிஜிஸ்டர்ல பிள்ளைப்பாக்கம் ஏழரைன்னு இருக்கு. பஸ் லேட்டுன்னா நான் மார்க்கை எடுத்துருவேன். வராதது ஆளு. உங்க குரூப்புக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை.”

“தப்பு என்னுடையதும்மா. நான் கம்பெனி வேலைக்கு வந்தவன்தானே?”

அவர் யோசித்தார். பிறகு மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன் வைத்தார். தொழிற்சாலையில் எது பழுதானாலும் இந்தப் படிவம்தான். ‘வொய்-வொய்’ என்கிறார்கள். ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஐந்தாவது ஏனில் வேர் அகப்படும் என்பது நம்பிக்கை. மெஷின் நின்றது ஏன், பெல்ட் அறுந்ததால். பெல்ட் அறுந்தது ஏன், இப்படி. “எழுதுங்க. கரெக்டா இருந்தா நான் மேல பேசுறேன்.”

எழுதினேன்.

தாமதம் ஏன்? பேருந்தைத் தவறவிட்டதால்.

தவறவிட்டது ஏன்? பேருந்து மண்ணூரை விட்டுக் கிளம்பவில்லை என்று புள்ளி காட்டியதால்.

புள்ளி அப்படிக் காட்டியது ஏன்? அதைச் சுமக்க வேண்டிய போன் மண்ணூரில் ஓர் அறையில் இருந்ததால்.

போன் அறையில் இருந்தது ஏன்? அதன் உரிமையாளர் வடகறி சாப்பிடுவது அவர் மனைவிக்குத் தெரியக் கூடாது என்பதால்.

தெரியக் கூடாதது ஏன்? இந்த இடத்தில் பேனா நின்றது. ‘திட்டுவாள் என்பதால்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

நிர்மலா படித்துவிட்டு அந்த வரியில் பேனாவைத் தட்டினார். “இது வெளியில தெரியுற அறிகுறி சார். வேர் இல்ல. திட்டுனா என்ன, எத்தனையோ வருஷமா கேக்குறீங்க. உண்மையான காரணத்தை எழுதுங்க.”

வேறொரு வரி எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நாலாவது வரிக்குப் போனார்.

“ஆனா இதை யார் சார் நம்புவாங்க? இந்தக் காலத்துல ஒருத்தர் ஒன்றரை மணி நேரம் போனை ரூம்ல விட்டுட்டு வெளிய போனாருன்னா? அந்தப் பொண்ணுக்காகக் கதை கட்டுறீங்கன்னு பிளான்ட் ஹெட் சொல்லுவார். நீங்க எழுத்தாளர் வேற. சாட்சி இருக்கா?”

சாட்சி ஒருத்தி இருந்தாள். முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

நான் போனைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆறு மாதம். இன்னொரு பக்கம் என் மிச்ச வாழ்நாள். ஒலிபெருக்கியைப் போட்டு மலரைக் கூப்பிட்டு, வடகறி என்ற சொல்லில் தொடங்கி, மூன்று செட்டு என்பதை மட்டும் இரண்டாகக் குறைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்” என்றாள் மலர்.

“எப்படி?”

“ஏழு அஞ்சுக்குக் ‘கஞ்சி குடிச்சாச்சா’ன்னு அனுப்பினேன். எட்டு இருபது வரைக்கும் டிக்கு நீலமாகல. போன் பக்கத்துல இருந்தா அதை நீங்க அஞ்சு நிமிஷம் நோண்டாம இருந்ததா சரித்திரமே இல்ல. முதல்ல பயந்து போயி சேகருக்குப் போட்டேன், எடுக்கல. அப்புறம்தான், நேத்து சாயங்காலம் அவன் சொன்னது ஞாபகம் வந்துச்சு, ‘அக்கா, மாமா வடகறி விசாரிக்குறாரு’ன்னு. சரி, உசுரோடதான் இருக்காருன்னு உக்காந்துட்டேன்.”

நிர்மலா போன் பக்கம் குனிந்தார். “அம்மா, நான் எச்.ஆர். பேசுறேன். அந்த மெசேஜ் எப்ப போச்சு, எப்பப் படிச்சாருன்னு நேரம் காட்டும். அதை ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப முடியுமா?”

“இதோ. ஏம்மா, யாருக்காவது கஷ்டமாயிடுச்சா இதனால?”

நிர்மலா பேச்சியின் கதையைச் சொன்னார். ஆறு மாதம், சனிக்கிழமை, ஏழு நிமிடம். பிறகு அதே வேகத்தில், சாட்சி முழு ஆவணத்தையும் கேட்பதுதான் முறை என்று, படிவத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். அவர் பார்க்கவில்லை. ஐந்தாவது வரியையும் வாசித்துவிட்டார்:

“தெரியக் கூடாதது ஏன்? தெரிந்தால் ஆஸ்பத்திரி வாசலில் அன்று உட்கார்ந்திருந்தது போல அவள் மறுபடி உட்கார்ந்துவிடுவாள் என்பதால்.”

போனுக்குள்ளிருந்து, எங்கள் தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவது மட்டும் கேட்டது.

“சரிம்மா” என்றாள் மலர் கடைசியில். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. “எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு. அந்தப் பிள்ளைக்கு லேட்டை எடுத்துருங்க. இது தெரிஞ்சும் ஏன் தின்னாருன்னு ஆறாவது ஏன் ஒண்ணு பாக்கி இருக்கு. அதை நான் வீட்டுல கேட்டுக்குறேன்.”

ஐந்து நிமிடத்தில் ஸ்க்ரீன்ஷாட் வந்தது. நிர்மலா அதை அச்செடுத்துப் படிவத்தோடு பின் அடித்து மேலே அனுப்பினார். வெள்ளிக்கிழமை முழுதும் பதில் இல்லை. அன்று ஏழு மணி பஸ்ஸில் போனேன். புள்ளி வழக்கம்போல நகர்ந்தது. ஆனால் பிள்ளைப்பாக்கத்தில் ஆறு பெண்களும் பத்து நிமிடம் முன்பே வந்து புழுதியில் நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சி, “கஞ்சி குடிச்சியளா?” என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை மதியம் கேன்டீன் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். பதினோரு பெயர்கள். ஒன்பதாவது பேச்சியம்மாள். அதைத் தொட்டுப் பார்த்தாள், இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள், பிறகு வெளியே ஓடி வந்து, அலுவலக வாசலில் பையோடு நின்ற என்னிடம், “பேரு வந்துட்டு அண்ணாச்சி!” என்றாள். தேர்வு அடுத்த மாதமாம். அதுவரைக்கும் ஒரு தாமதமும் விழக் கூடாதாம். என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மலர் அக்காவுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நான் கொஞ்சம் நெகிழ்ந்துபோனேன். அடுத்த கையேட்டு வேலைக்கும் வருவேன், மறுபடி பஸ்ஸில் பார்ப்போம் என்றேன். தலையை நன்றாக ஆட்டினாள்.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் போன் சிணுங்கியது. குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். நீக்கியது பேச்சி. தனியாக ஒரு செய்தியும் அனுப்பியிருந்தாள்:

‘தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. பரிச்ச முடியுற வரைக்கும் ரிஸ்க் எடுக்க முடியாது.’